டாக்டர் பார்க்காத தூக்கம்

பார்க்கின்சன் நோயாளியை டாக்டர் பார்ப்பது அவர் விழித்திருக்கிற நேரத்தில்தான். விடியற்காலையிலேயே மாத்திரை கொடுத்து, துவைத்த சட்டை மாட்டிவிட்டு, மகன் லீவு போட்டுச் சென்னைக்கு அழைத்துப்போவார். புது இடம், கூட்டம், பெரிய டாக்டரைப் பார்க்கிற படபடப்பு எல்லாம் சேர்ந்து, எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பவரும் அன்றைக்குக் கண் விழித்து உட்கார்ந்திருப்பார். நடுக்கம் எப்படி இருக்கிறது, நடக்கிறாரா, விழுந்தாரா என்று டாக்டர் கேட்பார். மணிக்கட்டைப் பிடித்து இறுக்கம் பார்ப்பார். சீட்டு எழுதுவார். வெளியே கூட்டம் காத்திருக்கும்.

வீடு திரும்பியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே தலை தொங்கத் தூங்குவதை டாக்டர் பார்க்க வழியில்லை. அதைப் பார்க்கிறவர்கள் மனைவி, மருமகள், பேரப்பிள்ளைகள், அப்புறம் வீடு தேடிப் போகிற என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்கள். இந்த வட்டாரத்தில் இத்தனை வருஷம் வேலை செய்து நான் கண்டது இதுதான்: கேட்டால் ஒழிய அந்தத் தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, யாராவது எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒழிய டாக்டருக்கு அது தெரிவதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிய 1998-ஐ ஒட்டி நானும் ஸ்ரீபெரும்புதூரில் வேலையைத் தொடங்கினேன். அப்போது வல்லம், வடகால், மாத்தூர், எச்சூர் பக்கமெல்லாம் வயல்தான், ஏரித் தண்ணீர்தான். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், கை நடுக்கம் வந்தவர்கள் என்று பஸ் ஏற முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பேன். முதலில் பஸ்ஸிலும் நடந்தும், பிறகு ஸ்கூட்டியில். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், வல்லம் வடகால் சிப்காட்டில் 2017-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. 2024 ஆகஸ்டில் அதே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். நிலம் கொடுத்தவர்கள் மிச்சமிருந்த மனையில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஊரே ஷிஃப்ட் கணக்கில் வாழத் தொடங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வயசானவர் பகலில் தூங்குவது யார் கண்ணிலும் படாது.

நாங்கள் படித்த காலத்தில் பார்க்கின்சன் என்றால் நடுக்கம், இறுக்கம், மந்தம், நிலை தடுமாறுதல். தூக்கத்துக்கு அதில் இடமில்லை. 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பார்த்து எழுதிய கட்டுரையில் ஓயாத தூக்கக் கலக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஆனால் முடிவு நெருங்குகிற கட்டத்தின் அடையாளமாக. அந்த எண்ணம் வெகுகாலம் போகவில்லை. தூங்க ஆரம்பித்துவிட்டாரென்றால் இனி அவ்வளவுதான் என்று குடும்பங்கள் மனசைத் தேற்றிக்கொள்ளும். பிறகு வந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின. கனடாவில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 638 நோயாளிகளிடம் கேட்டு 2002-ல் வெளியான ஆய்வில் பாதிப்பேருக்கு மிகையான பகல் தூக்கம் இருந்தது. ஹவாயில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய ஜப்பானிய அமெரிக்க ஆண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்டார்கள்: பகலில் மிகுதியாகத் தூங்கியவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுக்கம் தலைகாட்டுவதற்கு முன்னாலேயே தூக்கம் வந்துவிடக்கூடும். முடிவின் அறிகுறி என்று நாம் கைவிட்டது தொடக்கத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வல்லத்தில் ஒரு பெரியவர். ஏர் பிடித்த உடம்பு. நிலம் போன சில வருஷத்தில் நடுக்கம் வந்தது. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அவரை எழுப்பித்தான் தொடங்க வேண்டியிருக்கும். காலைத் தூக்கி வைக்கச் சொன்னால், தூக்கிய காலை இறக்குவதற்குள் கண் சொருகிவிடும். "நெலம் போன கவலைம்மா, அதான் எந்நேரமும் தூங்கினே இருக்காரு" என்பார் அவர் மனைவி. மகனோ, "வயசாயிடுச்சு மேடம், தூங்கட்டும் வுடுங்க" என்பார்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி அவருடைய பேத்தியிடம் கொடுத்தேன். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம், இரவில் எழுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். அந்தப் பெண் அழகாகக் கோடு போட்டு எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சிண்டோபா போட்டு முக்கால் மணி நேரத்தில் தவறாமல் ஒரு தூக்கம். லெவோடோபா சிலருக்கு அப்படிச் செய்யும். அது போக நடுக்கத்துக்கென்று எப்போதோ எழுதிக்கொடுத்த ட்ரைஹெக்சிஃபெனிடில் மூன்று வேளை. அதோடு, மூக்கொழுகலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய அவில், தினமும் இரவில். எல்லாவற்றுக்கும் மேலே பூனைக்காலி விதைப் பொடி, பாலில் கலந்து. அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பொடி கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் சீட்டில் எழுதிய அளவுக்கு மேல், யாருக்கும் தெரியாத ஓர் அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிற உரிமை எனக்கு இல்லை. அதில் நான் கறாராக இருப்பேன். நோட்டை மகனிடம் கொடுத்து, டாக்டர் எதிரில் பிரித்து வைக்கச் சொன்னேன். டாக்டர் ட்ரைஹெக்சிஃபெனிடிலைச் சில வாரங்களில் படிப்படியாக நிறுத்தினார். சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அவிலும் பொடியும் நின்றன. அடுத்த மாதம் போனபோது பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, போகிற லாரிகளைப் பேத்தியோடு எண்ணிக்கொண்டிருந்தார். நடுக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

அன்றிலிருந்து நோட்டு இல்லாமல் நான் எந்தப் பார்க்கின்சன் வீட்டுக்கும் போவதில்லை.

தூக்கத்தை அளக்க உலகமெங்கும் வைத்திருக்கிற கருவி, 1991-ல் மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வொர்த் அளவுகோல். எட்டுச் சூழ்நிலைகள்; ஒவ்வொன்றிலும் தூங்கிவிழும் வாய்ப்புக்கு பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்; மொத்தம் 24; பத்தைத் தாண்டினால் மிகை. கேள்விகளோ உட்கார்ந்து படிக்கும்போது, காரில் போகும்போது, கார் சிக்னலில் நிற்கும்போது என்று போகும். எழுத்துத் தெரியாத, காரில் ஏறாத ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டு என்ன செய்ய? நான் ரேஷன் கடை வரிசை, கோயில் பிரசங்கம், சீரியல், பஸ் பயணம், பேசிக்கொண்டே பூத்தொடுப்பது என்று மாற்றிக்கொண்டேன். மாற்றிய கேள்விக்குக் கிடைத்த எண்ணை மூலத்தோடு ஒப்பிடக் கூடாதென்று எனக்குத் தெரியும். அதே ஆளைப் போன மாதத்தோடு ஒப்பிட மட்டுமே அது எனக்கு. பதிலை வீட்டிலிருக்கும் இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். "நான் எங்கேம்மா தூங்குறேன், சும்மா கண்ண மூடினு இருக்கேன்" என்று நோயாளி சொல்லும்போதே பின்னால் நிற்கும் மருமகள் தலையை ஆட்டுவார்.

பெண்ணாக இருப்பதால் எனக்குக் கிடைத்த தகவல்கள் உண்டு. மாத்தூரில் ஓர் அம்மா, கணவருக்கு நான் பயிற்சி கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுப்படிக்குக் கூப்பிட்டுப் புடவைத் தலைப்பை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினார். கன்றிப்போயிருந்தது. "குடிக்கிற மனுஷன் இல்லம்மா. ராத்திரில யாரோ அடிக்க வர்ற மாதிரி கத்திக்கினே ஒதைக்கிறாரு. காலைல கேட்டா ஒண்ணும் தெரியலங்கிறாரு." கனவு காணும்போது தளர்ந்து கிடக்க வேண்டிய உடம்பு, கனவின்படியே இயங்கிவிடுகிற கோளாறு அது. அமெரிக்காவில் ஷென்க்கும் அவர் குழுவினரும் 1986-ல் இதை விவரித்தார்கள். நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது வரக்கூடுமென்று பிறகு தெரியவந்தது. அந்த அம்மாவிடம் முதலில் சொன்னது: இது அவர் வேண்டுமென்று செய்வதல்ல; கட்டிலைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்; பக்கத்தில் சொம்பு, டார்ச், கூர்மையான எதுவும் வேண்டாம். கூட்டுக்குடும்பத்தில் கட்டிலைப் பிரிப்பது லேசான காரியமில்லை. மாமியாரிடம் நான்தான் போய்ப் பேச வேண்டியிருந்தது.

இரவு கெட்டால் பகல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த நோயில் இரவு எப்படியெல்லாம் கெடுகிறது என்பது வீட்டார்க்கே தெரியாது. படுத்தவர் புரண்டு படுக்க முடியாமல் ஒரே பக்கமாக விடியும்வரை கிடப்பார். மாலைக்கு மேல் மாத்திரை இல்லாததால் நள்ளிரவில் உடம்பு கட்டையாகிவிடும். சிறுநீருக்கு நான்கைந்து முறை எழுவார். குறட்டையில் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டு. புரள்வதற்கு நான் கற்றுக்கொடுக்க முடியும்: முட்டியை மடக்கி, கையைக் கோத்து வீசி, தலையைத் திருப்பி. இடுப்புக்குக் கீழே வழுவழுப்பான பழைய பட்டுத்துணி ஒன்றை விரித்தால் பாதி வேலை முடிந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வேலை வைத்தது வெளிச்சம். வடகாலில் ஒரு வீடு. முன்பு ஓட்டு வீடாக, முற்றத்தோடு இருந்தது. இடித்துவிட்டு மாடி கட்டினார்கள்; மூன்று பக்கமும் வாடகை அறைகள். கடைசியில் வீட்டுக்காரர்களுக்கே வெயில் இல்லாமல் போனது. மூத்த மகன் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட், இளையவன் வேறொன்றில் மாறி மாறி. பகலில் அவர்கள் தூங்க வேண்டுமென்று ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. டிவி சத்தமில்லை, பேச்சு சத்தமில்லை. பார்க்கின்சன் வந்த அப்பாவும் அதே ஹாலில், அதே இருட்டில். ராத்திரி எட்டு மணிக்கு விளக்கெல்லாம் போட்டு, சமைத்து, மகன்களை வேலைக்கு அனுப்பும்போது வீடு கலகலப்பாக இருக்கும். அப்போது அப்பா நன்றாக விழித்திருப்பார், விடிய விடிய விழித்திருப்பார். வீட்டின் இரவும் பகலும் இடம் மாறிவிட்டன; அவரும் கூடவே மாறிவிட்டார். மகன்களுக்கு அந்த ஏற்பாடு தேவை. அப்பாவுக்கு அது நோயை இரட்டிப்பாக்குகிறது. இதில் யாரைக் குறை சொல்வது?

மூளைக்குள் இருக்கிற நேரக்காட்டிக்குத் தினமும் வெளிச்சம்தான் சாவி கொடுக்கிறது. பார்க்கின்சனில் அந்தக் கடிகாரமே மங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 31 நோயாளிகளைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் விளக்கெதிரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 10,000 லக்ஸ் வெளிச்சம் பட்டவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது. 2017-ல் முடிவு வெளியானது. அந்த விளக்கை நான் எந்த வீட்டிலும் வாங்கச் சொன்னதில்லை. வடகாலில் காலை எட்டு மணி வெயில் அதைவிடப் பெரிது. அப்பாவை ஏழரைக்குள் வெளியே கொண்டுவந்து ஏரிக்கரை வரை நடக்கவைப்பது, நடக்க முடியாத நாளில் வாசலில் நாற்காலி; சாயங்காலம் நாலரைக்கு மறுபடி வாசல். பயிற்சியையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதுவும் நல்லதுதான், அவர்களோடு பேசிக்கொண்டே விழித்திருந்தார். ராத்திரி மகன்கள் கிளம்பியதும் ஹால் விளக்கை அணைத்துவிட மூத்த மருமகள் ஒப்புக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு நோட்டில் பகல் தூக்கம் மதியம் ஒன்றாகச் சுருங்கியிருந்தது.

தூக்கம் வரக்கூடாதென்று மணிக்கொரு டீ கொடுக்கிற வீடுகள் உண்டு. கனடாவில் காஃபினை வைத்துச் சோதித்து 2012-ல் சொன்னார்கள், பகல் தூக்கத்தில் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்று. சாயங்கால டீ ராத்திரியைத்தான் கெடுக்கும்.

எனக்குப் பயம் வந்தது ஓர் இளைஞர் விஷயத்தில். நாற்பதைத் தொட்ட வயசை இந்த நோயில் இளமை என்றுதான் சொல்ல வேண்டும். உதிரிபாகத் தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். தோள் இறுகிப்போய் வந்தார். இளவயதினருக்கு லெவோடோபாவைத் தள்ளிப்போட பிரமிபெக்சோல் கொடுப்பது வழக்கம். மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கேன்டீனில் தட்டின்மேல் கவிழ்ந்தார்; மெஷின் அருகில் நின்றபடியே தூங்கினார். வேலை நேரத்தில் தூங்கியதற்கு மெமோ கொடுத்தார்கள். ஒருநாள் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் பைக் சாலையோர மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. "தூக்கம் வர்றதே தெரியல மேடம். வண்டி ஓட்டினது ஞாபகம் இருக்கு, கீழ கெடந்தது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அது நான் படித்திருந்த விஷயம். 1999-ல் ஃப்ரக்ட் என்ற டாக்டரும் சக மருத்துவர்களும் நியூயார்க்கிலிருந்து எழுதியிருந்தார்கள்: பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் சாப்பிட்ட எட்டு நோயாளிகள் வண்டி ஓட்டும்போதே தூங்கி விபத்துக்குள்ளானார்கள், அவர்களில் ஐந்து பேருக்கு முன்னறிவிப்பே இல்லை, மருந்தை நிறுத்தியதும் அது நின்றுவிட்டது. பைக் சாவியை அன்றைக்கே அவர் மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பெண் இன்னொன்றைச் சொன்னார்: ராத்திரி முழுக்கப் போனில் ரம்மி, நகை அடகுக்குப் போய்விட்டது, கல்யாணமான நாளிலிருந்து சீட்டுக்கட்டைத் தொடாத மனுஷன். அதுவும் இதே வகை மருந்துகள் சிலரிடம் கிளப்பிவிடுகிற வேகம்தான். ராத்திரி ரம்மியில் போன தூக்கமும் பகலில் சேர்ந்துகொண்டது. இரண்டையும் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். டாக்டர் பிரமிபெக்சோலைக் குறைத்து நிறுத்தி லெவோடோபாவுக்கு மாற்றினார். ரம்மி நின்றது, தட்டில் கவிழ்வதும் நின்றது.

வேலையைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் பெயரோடு இருக்கிறது. அடையாள அட்டை வாங்கலாம். அவரோ, அட்டை வாங்கினால் வேலை போய்விடும் என்று பயந்தார். கடைசியில் டாக்டரின் கடிதத்தைக் காட்டி இரவு ஷிஃப்டிலிருந்து விலக்கி, மெஷினிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இத்தனை தொழிற்சாலைகள் இருக்கிற இந்தச் சாலையில், வேலையில் தூங்குகிறவரைத் தண்டிக்கும் முன் "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஆதங்கம்.

தூக்கம்போலத் தெரிவதெல்லாம் தூக்கமும் இல்லை. எச்சூரில் ஒருவர் மதியச் சாப்பாடு முடிந்ததும் சரிந்துவிடுவார்; கூப்பிட்டால் பதில் வராது. படுக்கவைத்து பிரஷர் பார்த்தேன், எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தேன். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் இருபதோ அதற்கு மேலோ இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். இவருக்கு அதைவிட அதிகம். தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் இன்னும் இறங்கும். சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவது, முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவது, பிரஷர் மாத்திரையை டாக்டரிடம் மறுபடி காட்டுவது. அவ்வளவில் சரியானது. பிரஷர் கருவியைப் பையிலிருந்து எடுக்காத பிசியோதெரபிஸ்ட் இதைத் தூக்கம் என்றே எழுதிவைப்பார்.

இவ்வளவும் பார்த்து, மருந்தைத் திருத்தி, இரவைத் திருத்தி, வெயிலில் உட்காரவைத்த பிறகும் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வல்லத்தில் ஒரு பாட்டி அப்படி. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற ஒரெக்சின் செல்கள் பார்க்கின்சனில் அழிந்துபோகின்றன என்று இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2007-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. அந்த இழப்பைப் பயிற்சியால் ஈடுகட்ட என்னால் முடியாது. மோடாஃபினில் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நோயில் அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும், பாட்டிக்கு உதவவில்லை.

அவர் விஷயத்தில் நான் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்தான்: தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் சோறு வைக்கக் கூடாது. இந்த நோயில் விழுங்குவது ஏற்கெனவே மந்தம். அரைத் தூக்கத்தில் ஊட்டினால் கவளம் மூச்சுக்குழாய்க்குப் போகும், நிமோனியா வரும், பார்க்கின்சன் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் நிமோனியாவுக்கு முதன்மையான இடம். மருமகளுக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். கிளம்பும் முன் மாமியார் பட்டினியாக இருக்கக் கூடாதென்று ஒரு மணிக்கு எழுப்பி எழுப்பி ஊட்டுவார். பாசத்தில் செய்வதைத் தடுப்பது கஷ்டம். நோட்டைப் பிரித்து இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டி தெளிவாக இருந்தது காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை, பிறகு மாலை ஐந்தையொட்டி. சாப்பாட்டைப் பதினொரு மணிக்கு மாற்றினோம். நேராக உட்காரவைத்து, பெயரைச் சொல்லிக் கேட்டுப் பதில் வந்த பிறகே முதல் கவளம். மாலை ஐந்து மணிக் கஞ்சிக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருந்த ஒடிசாப் பெண் ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்த வாரம் காலை ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறுகிற வாரத்தில் யார் வருவது என்பதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மருமகள் எழுதிவைத்திருக்கிறார்.